மீன் வரைந்த மாடு

குளத்தில் ஒரு சின்ன மீனும் ஒரு தலைப்பிரட்டையும் நண்பர்கள். தலைப்பிரட்டைக்குக் கால் முளைக்கிறது, வால் மறைகிறது, தவளையாகிக் கரையேறிப் போய்விடுகிறது. பல நாள் கழித்துத் திரும்பி வந்து, வெளியே கண்ட அதிசயங்களை அடுக்குகிறது. இறக்கை உள்ள பறவைகளாம், கொம்பும் மடியும் உள்ள மாடுகளாம், உடை உடுத்திய மனிதர்களாம். மீன் கண் இமைக்காமல் கேட்கிறது. பக்கத்தைப் புரட்டினால் மீனின் மனத்துக்குள் இருக்கும் மாடு நம் முன்னால் நிற்கிறது. உடம்பு முழுக்க மீன். அதற்குக் கொம்பு, நான்கு கால், அடியில் இளஞ்சிவப்பாக ஒரு மடி.

லியோ லியோனி எழுதி வரைந்து 1970இல் வெளிவந்த ‘ஃபிஷ் இஸ் ஃபிஷ்’ என்ற படப் புத்தகம் இது. இரண்டாம் வகுப்பில் இந்தப் பக்கத்தைத் தூக்கிக் காட்டினால் முதலில் சிரிப்புதான் வரும். சிரிப்பு அடங்கியதும் ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டால் போதும்: மீன் ஏன் மாட்டை இப்படி நினைத்தது? அது மாட்டைப் பார்த்ததில்லை, மீனைத்தான் பார்த்திருக்கிறது. அப்படியானால் நாம் பார்க்காத ஒன்றை நாம் எப்படி நினைக்கிறோம்?

அங்கிருந்து கடவுள் வரைக்கும் இரண்டே எட்டு. சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கச் சிந்தனையாளர் செனோஃபனீஸ் கேட்டதும் இதைத்தான். மாட்டுக்கும் குதிரைக்கும் கை இருந்து வரையவும் தெரிந்திருந்தால், மாடு தன் தெய்வத்தை மாடாகவும் குதிரை தன் தெய்வத்தைக் குதிரையாகவும் வரைந்திருக்கும் என்றார் அவர். அறிஞர்கள் இன்றும் விவாதிக்கும் அந்தச் சிந்தனை, ஏழு வயதுப் பிள்ளையின் விரல் தொடும் தூரத்தில் ஒரு படமாக இருக்கிறது.

இத்தனை சிறு வயதில் தத்துவம் தலையில் ஏறுமா என்ற சந்தேகம் பழையது. பிளேட்டோ தன் ‘குடியரசு’ நூலில், முப்பது வயதுக்கு முன் யாரையும் தத்துவ விவாதப் பயிற்சியில் இறக்கக் கூடாது என்கிறார். உளவியலாளர் ழான் பியாஜே, அருவமான சிந்தனை பதினொரு, பன்னிரண்டு வயதை ஒட்டித்தான் வருகிறது என்றார். அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் காரத் மேத்யூஸ் 1980இல் வெளியிட்ட ‘ஃபிலாசஃபி அண்ட் தி யங் சைல்ட்’ நூலில் இந்த எண்ணத்தை மறுத்தார். அந்த நூலின் தொடக்கத்திலேயே ஒரு சிறுவன் வருகிறான். ஆறு வயதிருக்கும். பாத்திரத்தை வழித்து நக்கிக்கொண்டே, இதெல்லாம் கனவில்லை என்று எப்படி உறுதியாகச் சொல்வது என்று அப்பாவிடம் கேட்கிறான். தத்துவஞானி தெகார்த் கேட்ட கேள்வியை, அவர் பெயரே அறியாத குழந்தை கேட்கிறது.

நமக்கு இது புதிதில்லை. கடோபநிடதத்தில் எமன் வாசலில் காத்திருந்து, சாவுக்குப் பின் என்ன என்று விடாமல் கேட்கும் நசிகேதன் சிறுவன்தான். சுவாமிமலையில் பிள்ளை குருவாக இருக்க, தகப்பன் பணிந்து கேட்ட கதை நமக்குத் தெரியும். தகப்பன்சாமி என்ற பெயரையே வைத்திருக்கிறோம். ஆனால் கோயிலில் கும்பிடும் அந்தக் கோலத்தை வகுப்பறைக்குள் நாம் அனுமதிப்பதில்லை. அங்கே கேள்வி கேட்பவர் ஆசிரியர், பதில் சொல்ல வேண்டியவர் பிள்ளை.

சிறுவர்களுக்கான தத்துவம் என்ற இயக்கத்தைத் தொடங்கிய மேத்யூ லிப்மன், 1974இல் நியூ ஜெர்சியின் மான்ட்கிளேர் ஸ்டேட் கல்லூரியில் அதற்கென ஒரு நிறுவனத்தை அமைத்தார். பிள்ளைகளுக்காக அவர் எழுதிய கதைகளில் வேண்டுமென்றே படம் சேர்க்கவில்லை. கற்பனை செய்வது பிள்ளையின் வேலை, அதை ஓவியர் பிடுங்கிக்கொள்ளக் கூடாது என்பது அவர் வாதம். மதிக்க வேண்டிய வாதம்தான். ஆனாலும் நல்ல படப் புத்தகம் கற்பனையைப் பிடுங்குவதில்லை, தூண்டிவிடுகிறது.

பாட் ஹட்சின்ஸின் ‘ரோஸீஸ் வாக்’ (1968) இதற்குச் சான்று. எழுத்து மொத்தமும் ஒரே வாக்கியம்: ஒரு கோழி பண்ணையைச் சுற்றி நடந்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு திரும்புகிறது. படத்தில் மட்டும் அதன் பின்னாலேயே ஒரு நரி பாய்ந்து பாய்ந்து வருகிறது, ஒவ்வொரு தடவையும் ஏமாந்து போகிறது. எழுத்தில் நரி என்ற சொல்லே இல்லை. கோழிக்கு நரி வருவது தெரியுமா? எழுதியது பொய்யா, பாதி உண்மையா? எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளையும் இங்கே விரல் நீட்டித் தன் வாதத்தை நிறுவ முடியும். வாசிப்பில் முந்தியவர் பிந்தியவர் என்ற வரிசை இந்தப் பேச்சில் இல்லை.

மாசசூசெட்ஸில் உள்ள மவுண்ட் ஹோலியோக் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்த தாமஸ் வார்ட்டன்பர்க், தன் மாணவர்களைத் தொடக்கப் பள்ளிகளுக்கு அனுப்பி இந்த வழியில் பேச வைத்தார். அவர் பயன்படுத்திய நூல்களில் ஒன்று ஆர்னால்ட் லோபலின் ‘ஃப்ராக் அண்ட் டோட் டுகெதர்’. அதில் தவளையாலும் தேரையாலும் பிஸ்கட் தின்பதை நிறுத்த முடியவில்லை. பெட்டியில் போட்டு மூடுகிறார்கள், கயிற்றால் கட்டுகிறார்கள், ஏணி வைத்து உயரத்தில் ஏற்றுகிறார்கள். எதுவும் உதவாமல், கடைசியில் தவளை எல்லாவற்றையும் பறவைகளுக்குப் போட்டுவிடுகிறது. தேரையோ கேக் சுட வீட்டுக்குக் கிளம்புகிறது.

பிஸ்கட்டே இல்லாமல் செய்துவிட்டால் அது மனவுறுதியா? தவறு என்று தெரிந்தே ஏன் செய்கிறோம்? அரிஸ்டாட்டில் தன் அறவியல் நூலில் ஒரு பகுதியையே இதற்கு ஒதுக்கினார். கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில், விரும்பாவிட்டாலும் யாரோ பிடித்துத் தள்ளியது போல மனிதன் ஏன் பாவம் செய்கிறான் என்று அர்ச்சுனன் கேட்கிறான். பிஸ்கட் டப்பாவின் முன் நின்ற எந்தப் பிள்ளைக்கும் அந்தத் தள்ளல் தெரியும்.

இவ்வளவையும் ஒரே அடியில் மூடிவிடக் கூடிய வாசகம் ஒன்று நம்மிடம் உண்டு: ‘இக்கதையால் அறியப்படும் நீதி’. ஷெல் சில்வர்ஸ்டீனின் ‘தி கிவிங் ட்ரீ’ (1964) கதையில், மரம் ஒரு சிறுவனுக்குப் பழம், கிளை, தண்டு என்று எல்லாவற்றையும் கொடுத்து அடிக்கட்டையாக மிஞ்சுகிறது. ‘மரம் போலக் கொடுத்து வாழ்’ என்று கரும்பலகையில் எழுதினால் பாடம் முடிந்தது. எழுதாமல் காத்திருந்தால்தான், அவன் ஏன் திருப்பி எதுவும் கொடுக்கவில்லை, மரத்துக்கு வலிக்கவில்லையா, இதற்குப் பெயர் அன்பா என்ற கேள்விகள் எழும். ஆசிரியருக்கும் விடை தெரியாத இடம் அது. அந்த இடத்தில் பிள்ளைகளோடு சேர்ந்து நிற்கத் துணியும் ஆசிரியரே இந்தப் புத்தகங்களுக்குத் தேவை.

மீன் கதையை வாசித்த வகுப்பில் செய்து பார்க்க எளிய காரியம் ஒன்று உண்டு. ஆளுக்கொரு தாள் கொடுத்து, யாருமே பார்க்காத வேறொரு கிரகத்தில் வாழும் உயிரை வரையச் சொல்லலாம். வரைந்ததும் தாள்களைத் தரையில் வரிசையாகப் பரப்பி, நடுவில் மீன் வரைந்த மாட்டைத் திறந்து வைக்கலாம். தங்கள் தாள்களில் எத்தனைக்கு இரண்டு கண்ணும் ஒரு வாயும் இருக்கின்றன என்று பிள்ளைகளே எண்ணத் தொடங்குவார்கள்.