அறிவு பொதுவுடைமை, உழைப்பு?

அறிவைப் பூட்டி வைப்பதும், திறவுகோலைச் சிலர் மட்டுமே இடுப்பில் செருகிக் கொள்வதும் எத்தகைய கொடுமை என்பதை ஏடு தொடத் தடை விதிக்கப்பட்டிருந்தோரின் வழிவந்த நமக்கு எவரும் எடுத்துரைக்கத் தேவையில்லை.

கணினி உலகிலும் அந்தப் பூட்டு இருந்தது. அதை உடைக்கும் போரும் எழுந்தது. 1983-இல் அமெரிக்க நாட்டு ரிச்சர்டு ஸ்டால்மன், மென்பொருளின் மூலநிரலை மறைப்பது முறையன்று எனக் கூறிக் குனூ திட்டத்தை அறிவித்தார். 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினசு டோர்வால்ட்ஸ், தாம் எழுதிய லினக்சை ஊரறிய முன்வைத்தார். முகமறியாதோர் பிழை திருத்தினர். ஐயமுற்றோர்க்கு விடை பகர்ந்தனர். குலம் கேட்டாரில்லை, கூலியும் கேட்டாரில்லை!

போற்றத்தக்க தொண்டு. ஆயினும், அந்தத் தொண்டின் மீது கோட்டை கட்டிக் கொழிப்போர் யார் என்று கேட்க வேண்டாமா?

இணையத்தில் செல்லும் கமுக்கச் செய்திகளைக் காக்கும் மென்பொருள்களுள் ஒன்று ஓப்பன்எஸ்எஸ்எல். வணிகப் பேரரசுகள் பலவும் அதனை நம்பி நின்றன. 2014 ஏப்ரலில், 'ஹார்ட்பிளீட்' எனும் பிழை அதில் இரண்டாண்டுகளாக ஒளிந்திருந்தது தெரிந்து உலகம் பதறிற்று. காத்து நின்றோர் எத்தனை பேர்? விரல்விட்டு எண்ணத்தக்க சிலர்! ஆண்டொன்றுக்கு அவர்களுக்கு வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர்! தீப்பிடித்த பிறகே பெருநிறுவனங்கள் நிதியோடு ஓடிவந்தன.

பாடம் கற்றதா உலகம்? 2024 மார்ச்சில், எக்ஸ்இசட் எனும் சிறு மென்பொருளில் எவரோ திருட்டு வாயில் அமைத்திருந்தது வெளிப்பட்டது. நெடுங்காலம் அதனைத் தனியே, ஊதியமின்றிப் பேணி வந்தவர் ஒருவர். களைத்திருந்த அவரை, 'ஏன் தாமதம்?' என்று சிலர் நெருக்கினர். உதவுவது போல் வந்தவன் நம்பிக்கை பெற்று உள்ளே புகுந்தான். அரை வினாடித் தாமதத்தை ஐயுற்று ஆராய்ந்த ஆண்ட்ரெஸ் பிராயிண்டு எனும் பொறியாளரால் பேரிடர் தவிர்ந்தது.

"விரும்பித்தானே செய்தார்கள்? காசு கொடுத்தால் தொண்டின் தூய்மை கெடாதோ?" என்பர் சிலர். கேட்பதற்கு இனிய வாதம்! 'புண்ணியம் கிட்டும்' என்று கூறி உழைப்பைப் பறித்த பழைய சூழ்ச்சியும் இப்படித்தான் இனித்தது. கொடுப்பவர் கணக்குப் பார்க்காதது அவருடைய பெருந்தன்மை. அதையே காரணம் காட்டிப் பெற்றவர் கடனை மறப்பது கயமை. ஸ்டால்மனே, தாம் கோரியது விடுதலையே, விலையின்மை அன்று எனப் பன்முறை விளக்கியுள்ளார்.

எல்லோர் கடனும் ஒன்றன்று. பொருளற்ற மாணவன் காசு தர வேண்டியதில்லை. முதலில் தானே முயன்று, பின்னர் பணிவோடு கேட்டு, கற்றதை அடுத்தவனுக்குக் கற்பித்தால் அவன் கடன் தீர்ந்தது. கோடிகளைக் குவிக்கும் நிறுவனமோ பொருள் தரவேண்டும். தன் பொறியாளரின் உழைப்பையும் தரவேண்டும். தொண்டருக்கோ, 'இன்று இயலாது' என்று சொல்லும் உரிமை வேண்டும். மறுக்கும் உரிமை இல்லாத இடத்தில் தொண்டு இல்லை, அடிமைத்தனமே உண்டு.

அறிவு ஊருணியாகட்டும், எல்லோரும் அள்ளிப் பருகட்டும். ஆனால், தூர் வாரும் தோள்கள் சிலருடையனவாகவும், வண்டி வண்டியாக நீர் ஏற்றி விற்கும் கைகள் வேறு சிலருடையனவாகவும் இருக்குமாயின், அந்த ஊருணி எத்தனை கோடைக்குத் தாங்கும்?