எச்சில் இல்லாத மூச்சு

எங்க சித்தப்பா முகவீணை ஊதுறவர். திருக்கோவிலூர்ப் பக்கம் தென்பெண்ணை ஆற்றுக்குக் கிட்டே இருக்கிற ஒரு காலனி எங்களுடையது. கூத்து ஜமாவில் ஆர்மோனியக்காரருக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு முப்பது வருஷம் விடிய விடிய ஊதியவர் அவர். எங்க அப்பா பறை அடித்தவர். ஊர்ச் சாவுக்கு இனி அடிக்கமாட்டேன் என்று 1989இல் பறையைப் பரண்மேல் போட்டவர். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒரு கேள்விக்கு இருவரும் இரண்டு பதில் சொன்னார்கள். அந்தக் கேள்வியைத்தான் தோழர்கள் முன் வைக்கிறேன்.

முகவீணையை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அது நாயனத்துக்குத் தம்பி. குட்டையான குழல், கீச்சென்ற குரல். நாயனத்துக்குப் போலவே இதற்கும் சீவாளி உண்டு. நாணல் இனத்துத் தட்டையை அமுக்கி நூல் கட்டிச் செய்கிற நாக்கு அது. காய்ந்த சீவாளி பேசாது. வாயில் வைத்து எச்சிலில் ஊறவைத்தால்தான் துடிக்கும். உதட்டை இறுக்கினால் சுரம் ஏறும், தளர்த்தினால் இறங்கும். விரல் பாதி வேலைதான் செய்யுது. மீதியை உதடும் மூச்சும் செய்யுது.

2008இல் சென்னையிலிருந்து ஒரு ஒலிப்பதிவுக்கூடத்தார் ஆள் அனுப்பி சித்தப்பாவை அழைத்தார்கள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான் துணைக்குப் போனேன். குளிரூட்டிய கண்ணாடி அறை. சித்தப்பா கர்ணமோட்சத்திலிருந்து ஒரு பாட்டை எடுத்தார். "பாட்டு வேணாங்க. ஒவ்வொரு சுரமா ஊதுங்க. ஆட்டாம, அசைக்காம" என்றார்கள். ஒரே சுரத்தை மெதுவாக, நடுத்தரமாக, பலமாக ஊதச் சொன்னார்கள். நீளமாக ஒரு தடவை, வெட்டி ஒரு தடவை. மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டால் மறுபடியும். அஞ்சு மணி நேரம். முடிவில் இங்கிலீஷில் இருந்த ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ரெண்டாயிரம் ரூபாய் கொடுத்தார்கள். பஸ்ஸில் வரும்போது சித்தப்பா கேட்டார்: "இன்னாடா இது, நெல்லு மூட்டைய ஒவ்வொரு நெல்லா எண்ணி எடுத்துக்குனானுங்களே?"

அவர் சொன்னது சரியான வர்ணனை. இதை 'சாம்ப்ளிங்' என்கிறார்கள். ஒலி என்பது காற்றின் அதிர்வு. குறுந்தகட்டின் தரத்தில் அந்த அதிர்வை நொடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 65,536 படிகளில் ஒன்றாக எண்ணில் குறித்துக்கொள்கிறார்கள். பிறகு கீபோர்டின் கட்டையை அழுத்தினால் அந்த எண்கள் திரும்பவும் ஒலியாகின்றன. அழுத்துகிற வேகத்தைப் பொறுத்து மெதுவாக ஊதியதோ பலமாக ஊதியதோ வரும். நடுப்பகுதியைச் சுழலவிட்டால் விரலை எடுக்கும்வரை ஊதல் நிற்காது. மூச்சு தீராத ஊதல்!

நாயன மேளத்தில் ஒத்துக்காரர் என்று ஒருவர் இருந்தார். மூக்கால் இழுத்து, கன்னத்தில் தேக்கி, இடைவிடாமல் ஒரே சுரத்தை ஊதிக்கொண்டிருப்பது அவர் வேலை. சுருதிப்பெட்டி வந்ததும் அவர் போனார். 'ஒத்து ஊதுறான்' என்ற வசவு மட்டும் நம் பேச்சில் தங்கிவிட்டது. ஒருவன் உழைப்பைக் கேலிக்கு வைத்துக்கொண்டு ஆளை மறந்துவிடுவது நம் சமூகத்துக்குப் புதுசு இல்லை.

எங்க ஊர்ச் சாமியின் பெயர் உலகளந்த பெருமாள். இரண்டடியில் உலகங்களை அளந்து, மூன்றாவது அடியை மாவலி தலைமேல் வைத்தவர். இந்தக் கதையை மாவலியின் பக்கம் நின்று படிக்க வேண்டும் என்று 1873இலேயே 'குலாம்கிரி'யில் காட்டினார் ஜோதிராவ் புலே. அளப்பது வெறும் கணக்கு வேலை இல்லை. நிலத்தை அளந்தவன் பட்டா வாங்கினான். அதில் உழுதவன் பெயர் ஏறவில்லை. மூச்சை அளப்பதிலும் அப்படித்தான். 1991இல் கீபோர்டு கம்பெனிகளுக்குப் பொதுவாக 128 ஒலிகளின் பட்டியல் ஒன்று ஏற்பட்டது. அதில் 112ஆம் எண் ஷெனாய். நாயனத்துக்கு அதில் இடமில்லை, முகவீணையைக் கேட்கவே வேண்டாம். இடம் கிடைத்த ஷெனாய்க்கும் ஒரு எண்தான் கிடைத்தது. ஊதியவன் பெயருக்கு அந்தப் பட்டியலில் கட்டமே கிடையாது.

சில வருஷம் கழித்து ஊர்த்தெருக் கோயிலில் திருவிழா. உள்ளே கச்சேரி. நாங்கள் ரோட்டோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். கீபோர்டில் ஒரு குழல் ஒலி வந்தது. மேலே போகப் போக ஒரு கரகரப்பு. சித்தப்பாவின் சீவாளியில் ஒரு ஓரம் பிசிறியிருக்கும், அந்தக் கரகரப்பேதான். சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ணமாட்டேன், எண்ணுக்குப் பெயர் இல்லையே. ஆனால் சித்தப்பாவுக்குச் சந்தேகமே இல்லை. "என் எச்சிதான்டா உள்ள போயிருக்கு. இதுக்குத் தீட்டு இல்லியா?" என்றார்.

பேஷ்வா ஆட்சியில் பூனா நகரத்தில் தீண்டப்படாதவர்கள் எச்சில் தரையில் விழாதபடி கழுத்தில் கலயம் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்ததை அம்பேத்கர் எழுதியிருக்கிறார். நம் எச்சிலுக்கு அவ்வளவு பயந்த சமூகம் இது. இயந்திரம் அவர்களுக்கு ஒரு வழி செய்து கொடுத்திருக்கிறது. எச்சிலைத் துடைத்துவிட்டு மூச்சை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஆளை வெளியே நிறுத்திவிட்டு ஒலியை உள்ளே விடலாம். இதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், எடுத்தவாய்நத்தம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குள் நம் மக்கள் போலீஸ் காவலோடுதான் போக முடிந்தது. அது நடந்தது 2023 ஜனவரியில்.

இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "மிஷினு ஊதட்டும், மிஷினு அடிக்கட்டும். நமக்கென்னடா? நாம அடிக்கலைன்னு கூலிய நிறுத்துனான், களத்துமேட்டுல ஏறவிடல. அன்னைக்கு இந்த மிஷினு இருந்திருந்தா நம்மளத் தேடி வந்திருக்கமாட்டான்" என்றார்.

அப்பா சொல்வதைத் தள்ளிவிட முடியாது. இன்று எத்தனையோ கோயில்களில் மோட்டார் சுற்றிவிட, மணியும் முரசும் தானாக அடிக்கின்றன. பிறப்பால் ஒருவன் வந்து அடித்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. இன்னொன்றும் உண்டு. எங்க பாட்டன் காலத்தில் நாயனக்காரர்கள் சேரிக் கல்யாணத்துக்கு வரமாட்டார்கள். கெட்டிமேளம் இல்லாமலேதான் தாலி ஏறியது. என் தங்கை கல்யாணத்தில் எங்க காலனிப் பையன் ஒருத்தன் கீபோர்டில் நாயனமும் தவிலும் வாசித்தான். யாரையும் கெஞ்சவில்லை. அப்பா கண்ணில் தண்ணீர். அந்த ஒலியும் யாரோ ஒரு பெயர் தெரியாத நாயனக்காரரின் மூச்சுதானே? அவரிடம் கேட்டோமா? சித்தப்பாவுக்காகக் கோபப்படும் நான் அன்றைக்கு அந்த முகம் தெரியாதவரை நினைக்கவில்லை. நியாயம் பேசுகிறவன் இதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் எது தப்பு? சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்கியது என்று அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் சொன்னார். அதோடு சேர்த்து யோசிக்கிறேன். சாதி ஆளையும் வேலையையும் சேர்த்துக் கட்டியது: நீ பிறந்தாய், ஆகவே அடி. இயந்திரம் இரண்டையும் அறுத்துவிட்டது: உன் ஊதல் போதும், நீ வேண்டாம். கட்டியபோதும் கேட்கவில்லை, அறுத்தபோதும் கேட்கவில்லை. அப்பா மறுத்தது முதல் அநியாயத்தை. சித்தப்பா கேட்பது இரண்டாவதைப் பற்றி. அப்பாவுக்கு 'அடிக்கமாட்டேன்' என்று சொல்ல ஒரு வாய் இருந்தது, அந்த வாய்க்காக அடியும் வாங்கினார். கீபோர்டுக்குள் இருக்கும் சித்தப்பாவால் 'இந்தக் கோயிலுக்கு ஊதமாட்டேன்' என்று சொல்ல முடியாது. எவன் விரல் வைத்தாலும் ஊதியாக வேண்டும். பறையைப் பரணில் போட்ட தலைமுறை போராடி வாங்கிய மறுக்கும் உரிமை அங்கே இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் கலைஞர் உரிமையை விரிவாக எழுதினார்கள். 'கலைஞர்' யார் என்று சொல்லும் இடத்தில் பாம்பாட்டியையும் சேர்த்திருக்கிறார்கள். மகுடியும் நாணல் நாக்கில் பேசும் கருவிதான். 2012இல் வந்த திருத்தம் வணிகப் பயன்பாட்டில் பங்கு கேட்கவும், தன் பெயரைச் சொல்லச் சொல்லவும் கலைஞருக்கு வழி வைத்தது. ஆனால் ஒரு சுரத்தைத் தனியாக ஊதினால் அது கலையா, கச்சாப்பொருளா? பாட்டை ஊதவிடாமல் சுரத்தை மட்டும் வாங்கியதன் சூது இங்கேதான் எனக்குப் புரிகிறது. கூடத்தார் வேண்டுமென்றே செய்திருக்கமாட்டார்கள். ஆனால் விளைவு ஒன்றுதான்: கலைஞனாகப் போனவர் கச்சாப்பொருளாகத் திரும்பி வந்தார்.

இயந்திரத்தை உடைக்கச் சொல்லவில்லை நான். நம் பிள்ளைகள் கையில் அது இருக்கட்டும். ஆனால் நம் ஊர்களில் பெரியவர்களின் ஊதலையும் அடியையும் பதிவு செய்யும் தோழர்கள் முதலில் அவர்களிடம் கேட்க வேண்டும். எதற்கு, எங்கே, எவ்வளவு என்று தமிழில் எழுதித் தரவேண்டும். பெயரும் ஊரும் ஒலியோடு சேர்ந்தே போகவேண்டும். 'வேணாம்' என்று ஒருவர் சொன்னால் கருவியை மூடிக்கொண்டு டீ குடித்துவிட்டு வரவேண்டும். கலை அழிகிறதே என்ற கவலை அவர் மறுப்பைவிடப் பெரிதில்லை. இதில் மாறுபடுகிறவர்கள் எழுதுங்கள், விவாதிப்போம்.

போன தை மாதம் என் செல்போனில் சித்தப்பாவைப் பதிவு செய்தேன். சரி என்று சொல்ல ரெண்டு நாள் எடுத்துக்கொண்டார். கர்ணமோட்சத்துப் பாட்டு, அன்றைக்குக் கண்ணாடி அறையில் நிறுத்தச் சொன்ன அதே பாட்டு, முழுசாக. வயசாகிவிட்டது, நடுவில் இரண்டு இடத்தில் இருமினார், பல இடத்தில் மூச்சு வாங்கினார். முடித்ததும் சீவாளியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மூச்சு வாங்குற சத்தத்த மட்டும் வெட்டிடாதடா."

வெட்டவில்லை.