குதிரை எவருடையது?

நாட்டார் விழா ஒன்றின் பெறுமதி அதன் பழைமையில் உள்ளதா, அன்றி அதனை ஆடும் மக்களிடத்தில் உள்ளதா? இவ்வினாவை ஆராய்ச்சியாளரின் பொழுதுபோக்கு என நாம் ஒதுக்கிவிடல் ஆகாது. விழா எவருக்கு உரியது என்ற வினாவும் அதனுள் அடங்கியிருக்கின்றது. இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலே, கோண்வாலில், கமெல் ஆற்று முகத்துவாரத்தில் அமைந்த பட்ஸ்ரோ என்னும் சிறு துறைமுக நகரின் வசந்த விழாவை இதற்கு எடுத்துக்கொள்வோம்.

ஏப்பிரல் 30ஆம் நாள் நள்ளிரவில், கோல்டன் லயன் என்ற மதுச்சாலையின் முன் ஊரவர் திரண்டு, வாத்தியம் ஏதுமின்றிப் பருவத்தை வரவேற்றுப் பாடுவர். வீதிகள் பச்சைக் கிளைகளாலும் பூக்களாலும் கொடிகளாலும் நிறைந்திருக்கும். மே முதல் நாள் முற்பகலில் இரு 'குதிரைகள்' வெளிப்படும். ஒன்றின் அணியினர் செந்நிறமும் மற்றதன் அணியினர் நீல நிறமும் பூணுவர். நம்மவரின் பொய்க்காற் குதிரையை எதிர்பார்ப்பவர் ஏமாறுவர். பெரியதொரு வளையத்தின் மேல் இழுத்துக் கட்டிய கரிய சீலை, நடுவே அச்சந்தரும் முகமூடி, முன்னே மிகச் சிறிய மரத்தலை, இவ்வளவே. கோலேந்திய ஒருவர் அதனைச் சீண்டி ஆட்டுவிப்பார். அக்கோடியன்களும் முரசுகளும் முழங்கும். இடையே பாட்டு மெலியும்; குதிரை நிலத்திற் சாயும்; கூட்டம் அடங்கும். மறுகணம் முரசு அதிர, அது துள்ளியெழும். இச்சாவும் எழுச்சியும் மாலைவரை வீதிக்கு வீதி நிகழும்.

பிறேசரின் 'பொற்கிளை' 1890 இல் வெளிவந்தது தொட்டு, இத்தகைய ஆடல்களைக் கிறிஸ்தவத்துக்கு முற்பட்ட வளச்சடங்கின் எச்சங்கள் என்று கூறுதல் படித்தோர் வழக்காயிற்று. அலன் லோமாக்சும் பீற்றர் கென்னடியும் ஜோர்ஜ் பிக்கோவும் 1953 இல் உருவாக்கிய திரைப்படம் பட்ஸ்ரோவின் பெயரைத் தொலைதூரம் கொண்டு சென்றது. ஆயினும் இவ்விழா பற்றிய எழுத்துச் சான்று 1803க்கு அப்பாற் செல்லவில்லை. ரொனால்ட் ஹட்டன் முதலிய வரலாற்றாசிரியர் ஆதிச் சடங்கு என்ற கதையை ஏற்பதுமில்லை.

இதனால் விழா சிறுத்துவிட்டதா? நாம் அவ்வாறு எண்ணவில்லை. நீலக் குதிரை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மதுவிலக்கு இயக்கத்தினரின் ஆதரவைப் பெற்றது. முதலாம் உலகப் போரின் பின் அதுவே 'சமாதானக் குதிரை' எனப்பட்டது. தம் காலத்துப் பிணக்குகளையும் இழப்புகளையும் மக்கள் இந்தக் கரிய சீலையினுள் ஏற்றி ஆடியுள்ளனர். ஓவியர் வோல்ற்றர் கிறேன் 1894 இல் மேக்கம்பத்தைத் தொழிலாளரின் கம்பமாகத் தீட்டி, எட்டு மணி நேர வேலைக் கோரிக்கையை அதன் நாடாவில் எழுதியதும் இவ்வகைத் துணிவே. பழைமைக்குப் பணிந்தவர் செய்யக்கூடிய காரியமன்று அது.

ஆனால் இங்கே ஒரு சங்கடம் எழுகின்றது. குதிரையைச் சுமந்து ஆடும் உரிமை வழக்கப்படி ஊர்க்குடும்பங்களில் பிறந்தோர்க்கே உரியது. பிறப்பால் உரிமை என்றதும் நமது சமூகத்தில் வாழ்ந்தோர்க்கு நெஞ்சு துணுக்குறாதிருக்குமா? அதே ஊரில், மாரிகாலத்தில் முகத்தில் கரிபூசி உலாவரும் வழக்கமொன்று கறுப்பின மக்களை இழிவுறுத்தும் பெயரால் வழங்கியது. 2005 இல் பொலிசார் அதனை விசாரித்தபோது, மரபு என்பதே ஊரவர் பலரின் விடையாயிருந்தது. முன்னோர் செய்தனர் என்பது எதையும் நியாயமாக்கிவிடாது. அப்பெயரைக் கைவிட நேர்ந்ததும் நன்றே.

எனினும் குதிரையின் காவலரை அதே தராசில் நிறுத்தல் அநீதி. 1967 இல் புகையிரதப் பாதை மூடப்பட்ட அந்நகர், இன்று கடலுணவு விடுதிகளாலும் விடுமுறைக்கு வருவோராலும் வாழ்கின்றது. வீடுகள் பல, ஆண்டில் சில வாரங்களே திறக்கப்படும் இரண்டாம் வீடுகளாயின. மீனவர் பிள்ளைகள் தம் ஊரில் வீடு வாங்க இயலாது அயலூர்களுக்குப் பெயர்கின்றனர். யாவும் விலைக்கு வந்துவிட்ட துறைமுகத்தில், பணங்கொடுத்துப் பெறமுடியாதது ஆடும் உரிமை ஒன்றே. வலியோர் எளியோரை விலக்குவதும், எளியோர் எஞ்சிய ஒன்றைப் பற்றிக்கொள்வதும் ஒன்றல்ல.

ஆயினும், விடுதிச் சமையலறையில் பாத்திரம் கழுவ வேற்று நாட்டிலிருந்து வந்தவனும் இவ்வழக்கத்தால் வெளியே நிற்கிறான் அல்லவா? அவ்வூரிலே உழைத்து வாழ்பவன் என்ற அளவுகோலே நமக்கு உவப்பானது. அதுவோ வாழ இடமிருந்தால் மட்டுமே பொருள்படும்.

அதே கரையிலுள்ள சென் ஐவ்ஸ் நகரத்தார், புதிய வீடுகள் அங்கு நிரந்தரமாக வாழ்வோர்க்கே என்று 2016 இல் வாக்களித்தனர். 2025 ஏப்பிரலிலிருந்து கோண்வால் சபை இரண்டாம் வீடுகளுக்கு உள்ளூர் வரியை இருமடங்காக்கியுள்ளது. செல்வர் வரியைக் கட்டிவிட்டுக் கதவைப் பூட்டிச் செல்லக்கூடும். பாத்திரம் கழுவுபவனுக்கும் மீனவன் மகளுக்கும் தேவைப்படுவது, பொதுச் செலவிற் கட்டப்பட்டு, அவர்களது கூலிக்கு இயைந்த வாடகையில் கிடைக்கும் வீடு.