பகிர்தலும் பறித்தலும்

உள்ளதைப் பிறருக்குக் கொடுத்து மகிழ்வது உயர்ந்த பண்பு என்று முப்பது ஆண்டுகளாக வகுப்பறையில் சொல்லிக்கொடுத்து வருகிறேன். மாணவர் எவரும் அதை மறுத்துக் கேட்டதில்லை. ஆயினும், கொடுப்பவனிடத்தில் ஒரு சிறிதும் குறையாமல், பெறுபவனிடத்தில் முழுமையாகச் சென்று சேரும் பொருளைக் கொடுப்பது ஈகையாகுமா என்னும் வினா அண்மையில் என் முன்னே வந்து நின்றது. அதற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் பழைய மாணவர் ஒருவர் இன்று கணினித் துறையில் பணியாற்றுகிறார். அவர் தம் வீட்டில் ஒரு சர்வர் அமைத்திருக்கிறார். பழைய கணினி ஒன்று, வன்தட்டுகள் நான்கு, ஜெல்லிஃபின் என்னும் மென்பொருள், அவ்வளவே. 2018ஆம் ஆண்டின் இறுதியில் தோன்றிய அம்மென்பொருளை எவரும் விலையின்றிப் பெறலாம். பல ஆண்டுகளாக விலைகொடுத்து வாங்கிச் சேர்த்த படத் தட்டுகளையும் பாட்டுத் தட்டுகளையும் கோப்புகளாக மாற்றி அதில் ஏற்றி வைத்தார். வீட்டிலுள்ளோர் எந்த அறையில் இருந்தாலும் தொலைக்காட்சியிலோ கைப்பேசியிலோ அவற்றைப் பார்க்கலாம், கேட்கலாம். இதுவரையில் குறைசொல்ல ஒன்றுமில்லை.

பின்னர், இணையத்தின் வழியாக நண்பர்களுக்கும் அவர் வாயிலைத் திறந்துவிட்டார். ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர், ஒரு கடவுச்சொல். "ஐயா, உங்களுக்கும் ஒன்று வைத்திருக்கிறேன்" என்று அன்போடு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

அன்றிரவே உள்ளே நுழைந்தேன். இளமையில் கண்ட படங்களின் பெயர்கள் வரிசையாக வந்தன. 1970களின் இறுதியில், நான் பிறந்த தோட்டத்தின் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டிய இரவுகள் நினைவுக்கு வந்தன. பாய் விரித்து அமர்ந்த கூட்டத்தையும், இடையிடையே மழை வந்து கலைத்ததையும் எண்ணி நெகிழ்ந்தேன். அந்த வார இறுதிக்குள் மூன்று படங்களைப் பார்த்து முடித்தேன்.

நான்காம் நாள் 'நூல்கள்' என்னும் பகுதியைத் திறந்தேன். அங்கே என் சிறுகதைத் தொகுப்பு இருந்தது! பக்கம் பக்கமாகப் படமெடுத்துக் கோத்து வைத்திருந்தார்கள். என் சேமிப்பைக் கொண்டு ஐந்நூறு படிகள் அச்சிட்ட நூல் அது. வெளியீட்டு விழாவிலும் நண்பர்கள் மூலமாகவும் விற்றவை போக, நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் இன்றும் என் வீட்டில் பெட்டிகளில் உறங்குகின்றன. முதலில் மகிழ்ச்சி வந்தது: யாரோ படிக்க விரும்பியிருக்கிறார்கள்! அடுத்த கணமே நெஞ்சில் ஒரு முள் தைத்தது: என்னை ஒரு சொல் கேட்டிருக்கலாமே!

உண்மையைச் சொல்வதானால், அந்த முள்ளைக் காட்டிலும் அதன்பின் எழுந்த எண்ணமே என்னை வருத்தியது. மூன்று படங்களைப் பார்த்தபோது, அவற்றை ஆக்கியோரை நான் ஒருமுறையேனும் எண்ணினேனா? என் பொருள் அந்தப் பட்டியலில் தென்படும்வரை என் மனச்சான்று உறங்கியது ஏன்?

ஒரு நூலை நண்பருக்கு இரவல் தரும்போது நம் அலமாரியில் ஓர் இடம் வெறுமையாகிறது. அவர் திருப்பித் தரும்வரை நாம் அதைப் படிக்க இயலாது. இரவலின் அறம் அந்த வெறுமையிலேதான் இருக்கிறது. கொடுப்பவன் தன் குறையைத் தானே ஏற்றுக்கொள்கிறான். ஒரு நூல் ஒரு நேரத்தில் ஒருவரிடமே இருக்கும். சர்வரிலோ அலமாரி வெறுமையாவதே இல்லை. பத்து நண்பர்கள் ஒரே இரவில் ஒரே படத்தைப் பத்து வீடுகளில் பார்க்கலாம். கொடுத்தவரும் தம் வீட்டில் பார்க்கலாம். அப்படியானால் குறை எங்கே போயிற்று? அது மறைந்துவிடவில்லை. கொடுப்பவனிடமிருந்து நகர்ந்து, அந்த இடத்திலேயே இல்லாத படைப்பாளியின் தோளில் ஏறிக்கொண்டது. தன் பொருளைக் குறைத்துக் கொடுப்பது ஈகை. பிறன் பொருளைக் குறைத்துக் கொடுத்துவிட்டு நன்றியை மட்டும் தான் பெற்றுக்கொள்வதற்கு என்ன பெயர்?

இதற்கு மறுப்புரைகள் உண்டு. "தட்டை நான் விலைகொடுத்து வாங்கினேன்" என்பது ஒன்று. வாங்கியது தட்டை, படியெடுத்துப் பலருக்கு வழங்கும் உரிமையை அன்று. "என் நண்பர்கள் எப்படியும் வாங்கப் போவதில்லை" என்பது மற்றொன்று. இதில் ஓரளவு உண்மை உண்டு. நான் பார்த்த மூன்று படங்களையும் நான் விலைக்கு வாங்கியிருக்க மாட்டேன். ஆயினும் ஒவ்வொருவரும் இதையே சொல்லும்போது என் வீட்டுப் பெட்டிகள் காலியாவதில்லை.

மூன்றாவது மறுப்புத்தான் வலிமை வாய்ந்தது. "கடையில் கிடைக்காத படைப்பை வேறு எப்படிக் காப்பது?" நம் நாட்டுத் தமிழ் நூல்கள் பலவற்றிற்கு மறுபதிப்பே இல்லை. பழைய ஒலிநாடாக்கள் பூஞ்சை பிடித்து அழிகின்றன. அவற்றைத் தேடிக் காப்பவரைக் கள்வர் என்று சொல்ல என் நா எழவில்லை. ஆனால் காப்பது வேறு, வழங்குவது வேறு. காத்து வைத்தவர், வழங்குமுன் உரியவரைக் கேட்கலாம். நம்முடைய எழுத்துலகம் சிறியது. பெரும்பாலான எழுத்தாளர்களை ஒரு தொலைபேசி அழைப்பில் எட்டிவிடலாம்.

சட்டத்தின் நிலையையும் சுருக்கமாகக் காண்போம். நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நூலுக்கு ஆசிரியரின் வாழ்நாளும் அவர் மறைவுக்குப் பின் 50 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. அக்காலம் கடந்த நூலை எவரும் தாராளமாக வழங்கலாம். 2022ஆம் ஆண்டுத் திருத்தம், இவ்வுரிமையை மீறுவதற்கு வழிசெய்யும் இணைய ஒளிபரப்புத் தொழில்நுட்பத்தை விற்பது, வழங்குவது முதலிய செயல்களுக்கு 10,000 முதல் 200,000 ரிங்கிட் வரை தண்டமோ, 20 ஆண்டுகள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984இல், தொலைக்காட்சி நிகழ்ச்சியை வீட்டில் பதிவுசெய்து பிறிதொரு நேரத்தில் பார்ப்பது குற்றமன்று எனத் தீர்ப்பளித்தது. அதிலும் நீதிபதிகள் ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமும் நின்றனர். தன் வீட்டுக்குள் பார்ப்பதற்கே இத்தனை கருத்து வேற்றுமை என்றால், வாசலைத் தாண்டி வழங்கும்போது நாம் எவ்வளவு எண்ணிப் பார்த்தல் வேண்டும்!

இவ்வழி சறுக்கலும் உடையது. முதலில் நண்பருக்கு, பின்னர் நண்பரின் நண்பருக்கு. "மின்கட்டணத்திற்கு மட்டும் மாதம் பத்து ரிங்கிட்" என்று யாரேனும் தொடங்கினால், பகிர்வு அன்றே கடையாகிவிடும். பிளெக்ஸ் என்னும் மற்றொரு மென்பொருளை நடத்துவோர், 2025 ஏப்ரல் இறுதி முதல், வீட்டுக்கு வெளியிலிருந்து படம் பார்க்கச் சர்வர் உடையவரோ பார்ப்பவரோ கட்டணம் செலுத்த வேண்டும் என்று வைத்துவிட்டனர். அவர்கள் உழைப்புக்கு அவர்கள் கூலி கேட்பது முறையே. ஆயினும், வழிக்குக் கூலி கொடுக்க இசையும் நாம், அவ்வழியே வரும் படைப்பின் கூலியை மறந்துவிடுவது விந்தையன்றோ?

திருக்குறளின் அறத்துப்பாலில் ஒப்புரவறிதல் என்றோர் அதிகாரமும் கள்ளாமை என்றோர் அதிகாரமும் உள்ளன. மாணவர்க்கு இரண்டையும் தனித்தனியே கற்பிக்கிறோம். ஒன்றின் எல்லை எங்கே முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்று கற்பிக்கிறோமா? முன்னதன் தலைப்பிலேயே 'அறிதல்' என்ற சொல் அமைந்திருப்பது எனக்கு இப்போதுதான் பொருள் தருகிறது. கொடுக்கும் கை மட்டும் போதாது. கொடுக்கும் பொருள் யாருடையது என்று அறியும் அறிவும் வேண்டும்.

என் மாணவரை வீட்டுக்கு அழைத்துப் பேசினேன். "கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை, ஐயா" என்றார். அவர் குரலில் கள்ளம் இல்லை. அவரைக் கடிந்துகொள்ள எனக்குத் தகுதியும் இல்லை. நகல் இயந்திரத்தின் அருகே நின்று, ஒரே பயிற்சி நூலை முழுமையாக வகுப்பு முழுவதற்கும் படியெடுத்த ஆசிரியர்களுள் நானும் ஒருவன். அந்நூலை எழுதியவரும் நம்மைப் போன்ற ஓர் ஆசிரியரே. கேட்கத் தோன்றாத பழக்கத்தை அம்மாணவர் எங்கே கற்றிருப்பார் என்று எண்ணும்போது தலை குனிகிறேன்.

என் நூல் அங்கேயே இருக்கட்டும் என்று அவருக்கு இசைவு தந்தேன். அது என்னுடையது, ஆகவே கொடுக்க முடிந்தது. கொடுத்தபின் அந்த முள்ளும் தானே உதிர்ந்தது. அவர் வேறு இரண்டு எழுத்தாளர்களை அழைத்துக் கேட்டார். ஒருவர் மகிழ்ந்து இசைந்தார், மற்றவர் மறுத்தார். மறுத்தவரின் நூலை நீக்கிவிட்டு, அவரிடமே இரண்டு படிகளை விலைக்கு வாங்கினார். படங்களின் வாயிலைத் தம் குடும்பத்தாரோடு நிறுத்திக்கொண்டார். இப்போது சில சனிக்கிழமை இரவுகளில் நாங்கள் நால்வர் அவர் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து ஒரே திரையில் பழைய படம் பார்க்கிறோம். மழை வந்து கலைப்பதில்லை என்பதொன்றே குறை.

ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே! இனிவரும் கருவிகள் கொடுப்பதை மேலும் எளிதாக்கும். கேட்பதை எந்தக் கருவியும் நமக்காகச் செய்து தராது. அதை நாமேதான் செய்தல் வேண்டும். பிள்ளைகளுக்கும் பழக்குதல் வேண்டும்.