வட்டி வேண்டாமெனில் ஏழை எங்கே போவான்?

வட்டி ஹராம் என்று மிம்பரில் சொல்லிவிட்டு இறங்குவது நமக்கு எளிது. "அப்படியானால் அவசரத்துக்கு நாங்கள் எங்கே போவது ஹஸ்ரத்?" என்று ஓர் ஏழை கேட்டுவிட்டால் நமக்கு வாயடைத்துப் போகிறது. அதற்குப் பதில் சொல்லாத பயான் பாதி பயான்தான்.

பங்களாதேஷில் சிட்டகாங் பல்கலைக்கழகத்தை அடுத்து ஜோப்ரா என்றொரு கிராமம். 1976இல் அங்கே மூங்கில் முக்காலி செய்யும் பெண்களுக்கு மூங்கில் வாங்கக் கையில் காசில்லை. வியாபாரி கடன் கொடுப்பார். செய்த முக்காலியை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே கொடுத்துவிட வேண்டும். பொழுதெல்லாம் உழைத்தும் மிஞ்சுவது சில்லறைதான். இப்படிச் சிக்கியிருந்த 42 பேரின் கடனையெல்லாம் கூட்டிப் பார்த்தால் 856 டாக்கா! பொருளாதாரப் பேராசிரியர் முஹம்மது யூனுஸ் அதைத் தம் கையிலிருந்தே கொடுத்தார். பிறகு வங்கியில் போய்க் கேட்டார். ஈடு காட்ட முடியாதவர்களுக்குக் கடன் இல்லை என்றார்கள். வங்கி பக்கத்திலேயேதான் இருந்தது. ஏழைக்குத்தான் அதில் வாசல் இல்லை. அவரே ஜாமீன் நின்று கடன் வாங்கிக் கொடுத்தார். அந்த முயற்சிதான் 1983இல் கிராமீன் வங்கியாயிற்று.

ஆனால் அந்த வங்கியும் வட்டி வாங்கியே கடன் கொடுக்கிறது. இதை நாம் மறைத்துப் பேசலாகாது.

அல்பகரா அத்தியாயத்தில் வட்டியைத் தடுக்கும் வசனங்களை ஒட்டியே, 280ஆம் வசனத்தில், கடனாளி கஷ்டத்திலிருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கும்படி அல்லாஹுத்தஆலா ஏவுகிறான். தர்மமாக விட்டுவிடுவது அதைவிட மேல் என்றும் உணர்த்துகிறான். இந்த ஏவல் கடன் கொடுத்தவனுக்கு. நாமோ வாங்குபவனைப் பார்த்தே பயான் செய்து பழகிவிட்டோம்!

கொடுப்பவர் பக்கத்தைச் சீர்செய்ய முனைந்த ஊர் ஒன்று உண்டு. எகிப்தில் நைல் நதியின் கழிமுகப் பகுதியிலுள்ள மீத் கம்ர். ஜெர்மனியில் சிறு சேமிப்பு வங்கிகள் நடக்கும் விதத்தைக் கண்டு வந்த டாக்டர் அஹ்மத் நஜ்ஜார், 1963இல் இங்கே ஒரு சேமிப்பு வங்கியைத் தொடங்கினார். பணம் போட்டவருக்கு வட்டி கிடையாது; வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பணத்திலிருந்தே சிறு கடன்கள், வட்டியின்றி. தொழிலில் முதலீடு செய்ய விரும்பியவருக்குத் தனிக் கணக்கு. அதில் லாபத்தில் பங்கு. ஜகாத் நிதியும் ஒன்று இருந்தது. ஊர்ப்பணம் நகரத்துப் பெரிய முதலாளிகளுக்குப் போய்ச் சேராமல் ஊருக்குள்ளேயே சுற்றியது. நாம் இதில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

வட்டிக்கு அஞ்சி வங்கிப் பக்கமே போகாத குடியானவர்கள் தேடி வந்தார்கள். முதல் ஆண்டில் 17,000க்குச் சற்று மேலிருந்த கணக்குகள் நான்கு ஆண்டுகளுக்குள் இரண்டரை லட்சமாயின. அவர்கள் யாரும் செல்வந்தர்கள் அல்லர். போட்டதும் சிறு தொகைகள்தாம்.

1967க்குப் பின் அந்த வங்கி அரசு வங்கிகளின் கைக்குப் போயிற்று. வட்டியும் உள்ளே நுழைந்தது. என்றாலும் 1971இல் அதே எகிப்து அரசு, வட்டியில்லாக் கடன் கொடுப்பதற்கென்று நாசிர் சமூக வங்கியை ஏற்படுத்தியது.