குப்பைக்கு எதற்கு இவ்வளவு கெட்டியான தரை?

அமெரிக்கக் கடைத்தொகுதிகளின் பின்புறத்தில் டம்ப்ஸ்டர் எனும் பெரிய இரும்புக் குப்பைத்தொட்டிகள் நிற்கக் கான்கிரீட் தளம் போடுகிறார்கள். மண்ணைத் திமிசுபோட்டு இறுக்கி, ஜல்லி பரப்பி, கம்பி கட்டி, 6 முதல் 8 அங்குலக் கனத்துக்குக் கான்கிரீட் கொட்டுவார்கள். அதன் வலுவை 28 நாள் கணக்கில் அளப்பார்கள். தொட்டி நிற்கும் இடத்துக்கு மட்டும் தளம் போட்டால் போதாது. தொட்டியைத் தூக்க வரும் லாரியின் முன்சக்கரங்கள் பாரத்தோடு அழுந்தும் இடமும் தாங்க வேண்டும். தார்த்தரை என்றால் அங்கேதான் முதலில் பள்ளம் விழும். கோயில் கருவறைக்குக் காட்டும் சிரத்தையைக் கழிவுக்கும் காட்டுவது தகுமா? தகும். புனிதத்தைப் பொருளில் தேடுவதால்தான் இந்தக் கேள்வியே எழுகிறது. செயல் யாரைச் சென்று சேர்கிறது என்று பார்த்தால் எழாது. விரிசலில் தேங்கும் கழிவுநீர் எலியையும் ஈயையும் சேர்க்கும். தொட்டியை உருட்டும் தொழிலாளியின் கால் பள்ளத்தில் மாட்டும்.

இது அறமல்ல, பழுதுச் செலவை மிச்சப்படுத்தும் வியாபாரக் கணக்கு என்பார்கள். பெரும்பாலும் உண்மைதான். பற்றற்ற கடமை என்று இதற்கு மாலை போட நானும் வரவில்லை. ஆனால் செய்தவன் மனம் தூயதா என்பது அவன் கணக்கு; தொழிலாளிக்குத் தேவை இடறாத தரை. நல்லெண்ணத்தோடு போட்டு நாலே மாதத்தில் வெடிக்கும் தளத்தைவிட, லாபத்துக்காகப் போட்டாலும் உறுதியாக நிற்கும் தளமே அறத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.