வடிக்கும் கையின் உரிமை

வீட்டில் கையால் காப்பி வடிக்க இன்று வழிகளுக்குப் பஞ்சமில்லை. தலைமுறைகளாக அடுக்களையில் இருக்கும் பித்தளை ஃபில்டரும் எவர்சில்வர் ஃபில்டரும் ஒரு பக்கம். மறுபக்கம், ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற இல்லத்தரசி 1908இல் பதிவு செய்த காகித வடிகட்டியின் வழிவந்த கூம்பு வடிப்பான்கள், அழுத்தி வடிக்கும் ஃபிரெஞ்ச் பிரஸ், இத்தாலியில் 1933இல் பிறந்த மோக்கா பானை, 2005இல் வந்த ஏரோபிரஸ். எதை வாங்கலாம் என்று கேட்டால், எது உங்கள் நாக்குக்குப் பிடிக்கிறதோ அதை என்பார்கள். அந்தப் பதில் போதாது என்பது என் எண்ணம். வடிக்கும் முறை ஒவ்வொன்றும் ஒரு மனிதரிடம் ஒருவகைக் கவனத்தைக் கேட்டு வாங்குகிறது. கவனமோ, ஜபத்திலும் தியானத்திலும் தொழுகையிலும் மனிதர் இறைவனுக்குத் தர முனைந்த பொருள். அதை யாரிடம் வாங்குகிறோம், அவர் சம்மதம் கேட்டோமா என்பவை அறத்தைச் சேர்ந்த கேள்விகள். ஆகவே காப்பி முறையைத் தேர்வதில் குடிப்பவரின் நாக்கைவிட, வடிப்பவரின் விருப்பத்துக்கே முதலிடம் என்று வாதிட விரும்புகிறேன்.

முதலில் ருசியைப் பார்த்துவிடலாம். 1950களில் அமெரிக்காவில் எர்னஸ்ட் லாக்ஹார்ட் நடத்திய ஆய்வுகள் ஓர் அளவுகோலைத் தந்தன. காப்பிப்பொடியின் எடையில் ஏறத்தாழ 18 முதல் 22 விழுக்காடு வரை நீரில் கரைந்து இறங்கினால் பானம் நன்றாக அமையும்; குறைந்தால் புளிப்பு தூக்கும், மிஞ்சினால் கசப்பு ஏறும். இந்த அளவு எந்த ஒரு கருவிக்கும் சொந்தமில்லை. அரைப்பின் பருமன், பொடிக்கும் நீருக்கும் உள்ள விகிதம், ஊறும் நேரம் மூன்றையும் பக்குவப்படுத்தினால் பல முறைகளிலும் இதை எட்டலாம். நீரின் சூட்டைப் பற்றி ஆர்வலர்கள் பெரிதாகக் கவலைப்படுவார்கள். ஆனால் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், காப்பியின் திடத்தையும் கரைந்த அளவையும் மாற்றாமல் 87, 90, 93 டிகிரி செல்சியஸில் வடித்தபோது, பயிற்சி பெற்றவர்களின் நாக்குக்கும் அவற்றுக்குள் பெரிய வேற்றுமை தெரியவில்லை. முறைகளெல்லாம் ஒன்றுதான் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. காகிதம் காப்பியின் எண்ணெயைப் பிடித்துக்கொள்கிறது. கெட்ட கொழுப்பை ஏற்றும் கஃபெஸ்டால் என்ற பொருளும் அதோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. பிரஸ்ஸின் உலோகச் சல்லடை அதைத் தாராளமாகக் கோப்பைக்குள் விடுகிறது. கொழுப்பைக் குறைக்கும்படி மருத்துவர் சொன்னவருக்குக் காகிதமே ஏற்றது, அதில் விவாதமில்லை. பால் கலந்து குடிப்பவருக்குத் திடமான டிகாக்‌ஷன் வேண்டும். கூம்பில் இறங்கும் மெல்லிய காப்பி பாலில் காணாமல் போகும். உடல்நிலையும் பாலும் இப்படிச் சிலவற்றைத் தள்ளிவைத்த பிறகும், ஒவ்வொருவர் முன்னும் இரண்டு மூன்று நல்ல வழிகள் மிஞ்சுகின்றன. அவற்றில் ஒன்றை எடுக்கத்தான் ருசியைத் தாண்டிய நியாயம் தேவைப்படுகிறது.

அந்த இரண்டு மூன்று வழிகளும் கவனத்தைக் கேட்கும் விதத்தில் வெகுவாக வேறுபடுகின்றன. கூம்பு வடிப்பான் மனிதரை நகரவிடாது. முதலில் கொஞ்சம் வெந்நீர் விட்டுப் பொடியை ஊறவைத்து, பிறகு வட்டமாக, ஒரே சீராக ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று நான்கு நிமிடங்கள் கண்ணும் மணிக்கட்டும் அதிலேயே இருக்கும். மோக்கா பானை அடுப்பருகே நின்று சத்தத்தைக் கேட்கச் சொல்கிறது. நம் ஃபில்டரின் இயல்பு வேறு. மேல் பாத்திரத்தில் பொடியைப் போட்டு, நிரவி, குடையை வைத்து, கொதித்த நீரை ஊற்றி மூடிவிட்டால் ஆளுக்கு விடுதலை. டிகாக்‌ஷன் தன் போக்கில் சொட்டுச் சொட்டாக இறங்கும். இரவே போட்டுவைத்தால் விடியலில் பால் காய்ச்சுவது மட்டுமே பாக்கி. கூம்பு, இருந்து செய்யும் கவனத்தைக் கேட்கிறது. ஃபில்டர், முன்கூட்டி நினைக்கும் கவனத்தைக் கேட்கிறது. இரண்டாவது கண்ணுக்குத் தெரியாதது. அதனாலேயே அதைத் தருபவருக்குப் பெரும்பாலும் நன்றி கிடைப்பதில்லை.

கையால் வடிப்பதை ஒரு சிறு தவமாகவே போற்றுகிறவர்கள் இன்று நிறைய. மெதுவாகச் செய், முழு மனத்தோடு செய், செய்கையே தியானம் என்கிறார்கள். இந்த எண்ணத்தை நான் மதிக்கிறேன். அதற்கு நல்ல தத்துவப் பின்புலமும் உண்டு. தத்துவவாதி ஆல்பர்ட் போர்க்மன் 1984இல் வெளியிட்ட நூலில் வீட்டுக் கணப்பையும் நவீனச் சூடேற்றும் கருவியையும் ஒப்பிட்டார். கருவி வெப்பத்தை மட்டும் தருகிறது. கணப்போ குடும்பத்தையே வேலையில் ஈடுபடுத்தி, ஓரிடத்தில் கூட்டி, அதன் நாளுக்கு ஒழுங்கு தந்தது என்பது அவர் வாதம். தந்தை விறகு வெட்டினார், தாய் தீ மூட்டினாள், பிள்ளைகள் விறகுப் பெட்டியை நிரப்பினார்கள் என்று அந்த ஒழுங்கை அவர் விவரிக்கிறார். நான் தயங்கி நிற்பதும் அதே இடத்தில்தான். தீ மூட்டும் வேலையைத் தாய் தானே தேர்ந்தாளா? விடியற்காலைக் குளிரில் முதலில் எழுந்தவளுக்கும், அறை சூடான பிறகு எழுந்தவர்களுக்கும் அந்தக் கணப்பு ஒரே பொருளைத் தந்திருக்க முடியாது.

கவனத்தைப் பிரார்த்தனையின் சாரமாகவே கண்ட சிமோன் வெய்ல் இந்த இடத்தில் நமக்குத் துணை வருவார். அந்தப் பிரெஞ்சுத் தத்துவவாதி 1934 இறுதியிலிருந்து பாரிஸ் தொழிற்சாலைகளில் கூலியாளாக வேலை செய்தவர். வேகக் கட்டாயமும் மேலாளின் ஆணையும் மனிதரின் சிந்திக்கும் திறனையே நசுக்கிவிடும் என்பதை அங்கே உடம்பால் அறிந்தார். அதிலிருந்து நான் கொள்ளும் முடிவு இது: கையசைவை ஆணையிட்டு வாங்கலாம், கவனத்தை அப்படி வாங்க முடியாது. ஒருவர் தம் விருப்பத்தோடு கூம்பில் நீர் ஊற்றும் நான்கு நிமிடம் தியானமாகலாம். இன்னொருவர் காத்திருக்கிறார் என்ற பதற்றத்தில், குழந்தையின் பள்ளி வண்டிக்கு நேரமாகிக்கொண்டிருக்கையில் ஊற்றும் அதே நான்கு நிமிடம் வெறும் பாரம்.

கடமை என்று ஒன்று இல்லையா, பலன் கருதாமல் செய்வதே கர்மயோகம் என்று கீதை சொல்லவில்லையா, அங்கே விருப்பத்துக்கு என்ன இடம் என்று கேட்கலாம். வலுவான ஆட்சேபம்தான். ஆனால் கீதையின் போக்கை முடிவுவரை பார்க்க வேண்டும். பதினெட்டாம் அத்தியாயத்தில், உபதேசம் ஏறக்குறைய நிறைவுறும் இடத்தில், சொன்னதையெல்லாம் நன்றாக ஆராய்ந்து பின் உன் விருப்பப்படி செய் என்று கண்ணன் முடிவை அர்ஜுனனிடமே விடுகிறான். பலனைத் துறப்பது செய்பவரின் உரிமை. பலனை அனுபவிப்பவர் செய்பவரைப் பார்த்து நீ துறந்துவிடு என்று சொல்வது கர்மயோகம் ஆகாது, அது வேலை வாங்குவது.

இன்னொரு ஆட்சேபம் அன்பிலிருந்து எழும். பிறருக்குக் காப்பி போட்டுத் தருவதே ஓர் அன்பின் செயல், அதில் உரிமைக் கணக்கு எதற்கு என்பார்கள். விருந்தோம்பலை இல்லறத்தின் மையத்தில் வைத்த மொழி நம்முடையது. அந்த உணர்வை நான் மறுக்கமாட்டேன். எத்தியோப்பியாவில் காப்பிச் சடங்கு மணிக்கணக்கில் நடக்கும். கொட்டையை வறுத்து, இடித்து, ஜெபெனா என்ற மண்குடுவையில் காய்ச்சி மூன்று சுற்றுப் பரிமாறுவார்கள்; மூன்றாவது சுற்றுக்கு ஆசி என்ற பொருளில் பரகா என்று பெயர். அழகான மரபு, ஆனால் அதில் வறுப்பதும் இடிப்பதும் ஊற்றுவதும் அநேகமாக எப்போதும் பெண்களே. இதற்கு மாறான ஒரு காட்சியும் காப்பியின் சமய வரலாற்றில் இருக்கிறது. இரவெல்லாம் இறைநாமம் சொல்லி விழித்திருக்க ஏமன் நாட்டுச் சூஃபிகள் 15ஆம் நூற்றாண்டில் காப்பியைக் கைக்கொண்டார்கள். அவர்கள் கூட்டத்தில் சிவப்பு மண்பாத்திரத்திலிருந்து சிறு அகப்பையால் மொண்டு வலப்புறமாக ஒவ்வொருவருக்கும் தந்தவர் அவர்களின் தலைவர் என்று 16ஆம் நூற்றாண்டின் அரபு எழுத்தாளர் அல்-ஜஸீரி தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். மதிப்பில் உயர்ந்தவர் அங்கே பரிமாறினார். நம் வீடுகள் பலவற்றில் முதல் டிகாக்‌ஷன் யாருக்குப் போயிற்று, மறுபடி வெந்நீர் விட்டு இறக்கிய இரண்டாம் டிகாக்‌ஷன் யாருக்கு மிஞ்சியது என்பதை நினைத்துப் பார்த்தால், அன்பின் பெயரால் எவ்வளவு வழக்கமாகிவிட்டது என்பது விளங்கும். அன்பாகத் தருவதன் அளவைத் தருபவர்தான் தீர்மானிக்க முடியும். பெறுபவர் அளவு சொல்லத் தொடங்கினால் அது கட்டளை.

அப்படியானால் வடிப்பவர் இன்ஸ்டன்ட் காப்பியே போதும் என்றால்? போதும். ருசி குறையும் என்று குறைப்படுபவருக்கு ஒரு வழி திறந்தே இருக்கிறது, தாமே வடிக்கலாம். தனியே வாழ்பவர், வடிப்பதும் குடிப்பதும் தாமே என்பதால் கூம்பையோ பிரஸ்ஸையோ மனம்போல எடுத்துக்கொள்ளட்டும். நான்கைந்து பேர் குடிக்கும் வீட்டுக்கு, ஒருவரைக் காலையில் அடுப்படியில் கட்டிவைக்காத ஃபில்டர் என் பார்வையில் நியாயமான கருவி, அதிலும் இரவில் பொடி போடும் வேலை முறைவைத்துக் கைமாறுமானால். இவ்வளவு சிறிய விஷயத்துக்கு இத்தனை யோசனையா என்று கேட்க வேண்டாம். நாளுக்கு இருமுறை, ஆண்டுக் கணக்கில், ஒரே கை செய்யும் வேலை சிறிய விஷயம் இல்லை. புதிய கருவி வாங்கும் எண்ணம் உள்ளவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். உங்கள் வீட்டில் காப்பி போடுபவர் நீங்கள் இல்லையென்றால், முதலில் ஒரு மாதம் நீங்கள் போடுங்கள். அதன்பின் அவரிடம் கேட்டு வாங்குங்கள்.